சைனாவில் ஹலால் ஃபாஸ்ட் ஃபுட்: "கோழிதானே காக்கா?"

கேள்வி: 14 செப்டம்பர் 2024
(மேலப்பாளையத்திலிருந்து ஒரு தம்பி. காக்கா என்றால் எங்கள் பக்கம் அண்ணன்)

காக்கா, அக்டோபரில் கேன்டன் ஃபேர்னு நடக்கிற வியாபாரப் பொருட்காட்சியோட இரண்டாம் கட்டத்துக்குக் குவாங்சோ போறேன். முதல் தடவை. அங்கேயிருந்து ரயிலில் ஈவூ மொத்த மார்க்கெட்டுக்கு. சாப்பாட்டை நெனச்சாத்தான் பயமா இருக்கு. கூட்டாளி ஒருத்தன், "ஊர் முழுக்க கேஎஃப்சி இருக்குடா, கோழிதானே, மலேசியாவில ஹலால்னு போட்டுத்தானே விக்கிறான்" என்கிறான். சரிதானா? எனக்கு ஒக்காந்து விருந்து சாப்பிட நேரமில்லை. ஸ்டால் ஸ்டாலா ஓடணும். சட்டுனு தின்னுட்டுக் கிளம்புற மாதிரி எதாவது இருந்தா சொல்லுங்க.

14 செப்டம்பர் 2024, இரவு

சரியில்லை.

மலேசியாவில் ஜாக்கிம் என்கிற அரசு இஸ்லாமியத் துறை கொடுத்த ஹலால் சான்றிதழ் மலேசியாவோடு முடிந்தது. பெயர் ஒன்று, கடை வேறு. சைனாவில் கேஎஃப்சி முதல் கடை போட்டது 1987 நவம்பரில், பெய்ஜிங்கில். அன்றிலிருந்து அந்த ஊர் நாக்குக்குத் தகுந்தபடி மெனுவை மாற்றிக்கொண்டே வந்தார்கள். காலையில் போனால் கருப்பு முட்டையும் பன்றிக்கறியும் போட்ட கஞ்சி கிடைக்கும். கோழியும் பிஸ்மில்லா சொல்லி அறுத்ததில்லை. மெக்டொனால்ட்ஸும் அப்படித்தான். அவர்கள் முதலில் வந்தது 1990-ல், ஷென்சென்னுக்கு.

கூட்டாளியிடம் சொல்: "கோழிதானே" என்பவன் சைனாவில் ஒரு நாள்கூட ஹலாலாகச் சாப்பிட முடியாது.

15 செப்டம்பர் 2024

நேற்று கொஞ்சம் சூடாக எழுதிவிட்டேன். நானும் அதே "கோழிதானே" ஆள்தான், அதைச் சொல்லிவிடுகிறேன்.

2008. முதல் பயணம். சென்னை மண்ணடியில் கடை போட்டு இரண்டாவது வருஷம், ஹேர் கிளிப்பும் வளையலும் எடுக்கப் போனோம். பொருட்காட்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டல். பெயர் வேண்டாம். மெனுவில் படம் போட்டிருந்தது. முட்டை போட்ட ஃப்ரைட் ரைஸ் படத்தைக் காட்டி, கோழி மாதிரி இரண்டு கையையும் மடக்கி அடித்துக் காட்டினேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். வந்த சோற்றில் பட்டாணி, கேரட், முட்டை, அப்புறம் சின்னச் சின்னதாக இளஞ்சிவப்புக் கட்டிகள். கேரட்டோடு கேரட்டாகக் கிடந்தன. பாதி தட்டு காலியான பிறகுதான் ஒன்றை முள்கரண்டியில் குத்தி வெளிச்சத்தில் பார்த்தேன். கேரட்டுக்கு அப்படி ஒரு பளபளப்பு வராது.

ஹாம். அந்த ஊரில் ஃப்ரைட் ரைஸ் என்றால் அது இல்லாமல் இருக்காதாம். யாங்சோ முறை. அந்தப் பெண் ஒன்றும் ஏமாற்றவில்லை. நான் கோழி கேட்டேனே தவிர, பன்றி வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லத் தெரியவில்லை. அறைக்குப் போய் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்து ஈறு வலித்ததுதான் மிச்சம். மீதி ஒன்பது நாளும் உம்மா கட்டிக் கொடுத்த முறுக்கும் வாழைப்பழமும்.

ஊரில் இதைப் பல வருஷம் யாரிடமும் சொல்லவில்லை.

16 செப்டம்பர் 2024

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சைனாவில் முஸ்லிம்களின் ஃபாஸ்ட் ஃபுட் என்று ஒன்று இருக்கிறது. பர்கர் இல்லை. லான்சோ லாமியென்.

லான்சோ என்பது வடமேற்கில் கான்சு மாகாணத் தலைநகர். லாமியென் என்றால் இழுத்த நூடுல்ஸ். இந்தப் பெயரில் கடை இல்லாத சைனா ஊரை நான் பார்த்ததில்லை. குவாங்சோவில் தெருவுக்குத் தெரு இருக்கும். ஈவூவில் மார்க்கெட் வாசலிலேயே இருக்கும். பத்துக்குப் பன்னிரண்டு அடி இடம், ஆறு மேசை, சுவர் முழுக்கச் சாப்பாட்டுப் படம், படத்துக்குக் கீழே விலை. விரலைக் காட்டினால் போதும். 15 யுவான், அதிகம் போனால் 20.

எவ்வளவு ஃபாஸ்ட்? ஒரு தடவை கடிகாரம் வைத்துப் பார்த்தேன். நான் விரல் காட்டியதிலிருந்து கிண்ணம் மேசைக்கு வர நாலு நிமிஷம். மாவு பிசைந்து ஊறித் தயாராக இருக்கிறது. பையன் ஒரு உருண்டையைக் கிள்ளி, நீட்டி, மாவுத் தூளில் புரட்டி, இரண்டு முனையையும் ஒரு கையில் சேர்த்து மறு கையால் இழுக்கிறான். ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. ஏழு இழுப்பில் 128 இழை. எட்டாவது இழுத்தால் 256. பலகையில் ஒரு அடி, 'பட்' என்று சத்தம், அப்படியே கொதிக்கிற தண்ணீரில் வீசுகிறான். நம்ம பரோட்டா மாஸ்டர் வீச்சுக்கு மாவை விசிறும்போது வாய் பிளந்து பார்ப்போமே, அதே வேடிக்கை. வெந்ததும் கிண்ணத்தில் போட்டு, மேலே மாட்டு எலும்புச் சாறு, முள்ளங்கி வில்லை, கொத்தமல்லித்தழை, மிளகாய் எண்ணெய், காகிதம் மாதிரி சீவிய மாட்டுக்கறி நாலு துண்டு.

லான்சோக்காரர்கள் இதற்கு ஒரு வாய்ப்பாடு வைத்திருக்கிறார்கள். ஒன்று தெளிவு, இரண்டு வெள்ளை, மூன்று சிவப்பு, நாலு பச்சை, ஐந்து மஞ்சள். சாறு தெளிவாக, முள்ளங்கி வெள்ளையாக, எண்ணெய் சிவப்பாக, தழை பச்சையாக, நூடுல்ஸ் மஞ்சளாக இருக்க வேண்டும். 1915-ல் மா பாவ்ஸி என்கிற ஹுய் முஸ்லிம் இந்த முறையில் விற்க ஆரம்பித்ததாகச் சொல்வார்கள். ஹுய் என்றால் சைன மொழியே தாய்மொழியாகப் பேசுகிற முஸ்லிம்கள். பார்க்க மற்றவர்கள் மாதிரியேதான் இருப்பார்கள். வெள்ளைத் தொப்பிதான் அடையாளம்.

தம்பி கேட்ட "சட்டுனு தின்னுட்டுக் கிளம்புற" சாப்பாடு இதுதான்.

16 செப்டம்பர் 2024, பின்குறிப்பு

நூடுல்ஸின் தடிமனையும் கேட்பார்கள். மாவ்ஸி என்றால் தலைமுடி. இடியாப்பத்தைவிட மெல்லிசு. ஸி என்றால் மெல்லிசு. ஜியூயே என்றால் பூண்டுத்தாள் மாதிரிப் பட்டை. குவான் என்றால் அகலம். நான் ஒரு தடவை விலை கேட்பதாக நினைத்து வாய்க்கு வந்ததைச் சொல்லி, இரண்டு விரல் அகலத்தில் பெல்ட் பெல்ட்டாக வந்தது. அதைச் சாப்ஸ்டிக்கில் தூக்கிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

19 செப்டம்பர் 2024

எல்லாரும் கேட்டுவிட்டீர்கள்: "போர்டில் லான்சோ என்று போட்டிருந்தால் போதுமா?"

போதாது. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை. திருநெல்வேலி அல்வா என்று யார் வேண்டுமானாலும் போர்டு போடுகிறார்களே, அதே கதை. பார்க்க வேண்டியது இரண்டு எழுத்து. ச்சிங்ஜென் (清真). ச்சிங் என்றால் தூய்மை, ஜென் என்றால் உண்மை. ஹலால் என்பதற்கு அந்த ஊர்ச் சொல் இதுதான்.

எழுத்தை எப்படி அடையாளம் பிடிப்பது? முதல் எழுத்தின் இடதுபக்கம் மூன்று சொட்டு இருக்கும், ஒன்றின் கீழ் ஒன்றாக, குழாயிலிருந்து சொட்டுகிற மாதிரி. அது தண்ணீருக்கான குறி. தூய்மை என்ற சொல்லில் தண்ணீர். தொழுகைக்கு முன்னால் ஒளு எடுக்கிற ஞாபகம் வரும், மறக்காது. இரண்டாவது எழுத்தின் உச்சியில் கூட்டல் குறி, அதன் கீழே ஏணி மாதிரி படி வைத்த பெட்டி, பெட்டிக்கு அடியில் ஒரு நீளக்கோடு, கோட்டுக்குக் கீழே இரண்டு கால். இரண்டும் பக்கம் பக்கமாக இருக்க வேண்டும். சொட்டு மட்டும் இருந்தால் போதாது. பீர் என்ற எழுத்துக்குப் பக்கத்திலும் மது என்ற எழுத்து வரும், அதிலும் சொட்டு உண்டு!

போர்டோடு அரபியில் 'ஹலால்' என்றும் எழுதியிருக்கும். பச்சை நிறத்தில் பிறை, குவிமாடம் படம் இருக்கும். அதைப் பார்த்தே தூரத்திலிருந்து கண்டுபிடித்துவிடலாம்.

21 செப்டம்பர் 2024

மேலே கடைசிப் பத்தியில் எழுதியதை அடித்துவிடுங்கள். அது பழைய சைனா. கோவிட்டுக்கு முன்னால் கடைசியாகப் போனவன் நான். இப்போது குவாங்சோவில் இருக்கிற காயல்பட்டினத்துச் சொந்தம் ஒருவர் அலைபேசியில் திருத்தினார்.

2019-ல் பெய்ஜிங்கில் ஹலால் கடைகளில் அரபி எழுத்தையும் பிறையையும் எடுக்கச் சொல்லிவிட்டார்கள். செய்தியிலேயே வந்தது. மற்ற ஊர்களிலும் நிறையப் போர்டுகளில் இப்போது அது இல்லை. அரபி எழுத்தைத் தேடிக்கொண்டு போனால் நல்ல ஹலால் கடையைத் தாண்டிப் போய்விடுவீர்கள். சைன எழுத்து இரண்டையும் பாருங்கள், அது இருக்கிறது. உள்ளே வெள்ளைத் தொப்பி, முக்காடு போட்ட பெண்கள், சமையல் ஆள் யார் என்பதைப் பாருங்கள்.

நாடு முழுவதற்கும் ஒரே ஹலால் சட்டம் என்று அங்கே எதுவும் கிடையாது. மாகாணத்துக்கு மாகாணம் வேறு. சுவரில் மாட்டியிருக்கிற அனுமதிச் சட்டகத்தைக் காட்டுவார்கள். நம்மால் அதைப் படிக்கவா முடியும்.

22 செப்டம்பர் 2024

தம்பிக்கு விசா தாமதம். இந்தத் தடவை அவர் போகவில்லை. நான் போகிறேன். எழுதியதையெல்லாம் நேரில் சரிபார்த்துவிட்டு வருகிறேன்.

23 அக்டோபர் 2024, குவாங்சோ

வந்து சேர்ந்தேன். சென்னையிலிருந்து கோலாலம்பூர் வழி. விமானத்தில் முஸ்லிம் சாப்பாடு டிக்கெட் போடும்போதே சொல்லிவைக்க வேண்டும். போகும்போது சொல்லிவைத்தேன், திரும்புவதற்குச் சொல்ல மறந்துவிட்டேன். அது என் தலையெழுத்து.

ஓட்டலிலிருந்து நூறு அடியில் ஒரு லாமியென் கடை. போர்டைப் பார்த்தேன். இரண்டு எழுத்தும் இருக்கின்றன. அவற்றுக்கு இடதுபக்கம் ஒரு முழ நீளத்துக்குச் சாயம் போகாத பச்சை. மற்ற இடமெல்லாம் வெயிலில் வெளுத்திருக்க, அந்த இடம் மட்டும் புதுசு மாதிரி. நாலு மூலையிலும் திருகாணி ஓட்டை.

உள்ளே போய் சலாம் சொன்னேன். மாவு பிசைந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்து, மெதுவாகப் பதில் சலாம் சொன்னார். வாசலை ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை. கிண்ணம் வந்தபோது கறி நாலு துண்டுக்குப் பதில் எட்டுத் துண்டு இருந்தது.

24 அக்டோபர் 2024

அந்தக் கடைக்காரர் லான்சோக்காரர் இல்லை. சிங்ஹாய் மாகாணத்தில் ஹுவாலோங் என்கிற மலைக்காட்டு ஊராம். கடைக்கார மகன் அலைபேசியில் மொழிபெயர்ப்பு வைத்துச் சொன்னான். அவர்கள் ஊரில் விளைச்சல் குறைவு. 1980-களின் கடைசியிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பிக் கடலோர நகரங்களில் நூடுல்ஸ் கடை போட்டார்கள். மாமா ஒருத்தர் வருவார், கடை போடுவார், தங்கச்சி மாப்பிள்ளையைக் கூப்பிடுவார், அவர் அடுத்த தெருவில் போடுவார். மண்ணடியில் நாங்கள் கடை பிடித்ததும், எங்கள் பாட்டன்மார் கொழும்பில் பிடித்ததும் வேறெப்படி?

சைனா முழுக்க "லான்சோ லாமியென்" என்று இருப்பதில் பெரும்பாலானவை இந்த ஹுவாலோங் ஆட்களுடையவை. லான்சோ ஆட்களுக்கு இதில் மனத்தாங்கல். அவர்கள் ஊரில் யாரும் லாமியென் என்றே சொல்ல மாட்டார்கள், மாட்டுக்கறி நூடுல்ஸ் என்பார்கள். அது காலைச் சாப்பாடு, மத்தியானம் தாண்டினால் பல கடையில் கிடைக்காது என்றும் சொல்கிறார்கள். மாவில் பழைய முறைப்படி ஒரு செடியைச் சுட்ட சாம்பல் போடுவார்கள், அதனால்தான் ரப்பர் மாதிரி இழுபடுகிறது, மஞ்சளும் வருகிறது. நம்ம அப்பளத்துக்கு அப்பளக்காரம் மாதிரி.

25 அக்டோபர் 2024, வெள்ளி

ஜும்ஆவுக்கு ஷியென்ஷியென் பள்ளிக்குப் போனேன். யுவேஷியு பூங்கா மெட்ரோவில் இறங்கி நடக்கலாம். நபித்தோழர் சஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அங்கே அடங்கியிருப்பதாக அந்த ஊர் நம்பிக்கை. மதீனாவில் அடக்கம் என்பதே வரலாற்று நூல்களில் இருப்பது. அதைப் பற்றி இங்கே சண்டை வேண்டாம், நான் சாப்பாட்டுக்கு வருகிறேன்.

தொழுகை முடிந்து வெளியே வந்தால் கண் எரிகிற புகை. வடமேற்குச் சைனாவின் உய்குர் முஸ்லிம் ஆட்கள் நீளமான தகரத் தொட்டியில் கரி போட்டு ஆட்டுக்கறிக் கம்பி சுடுகிறார்கள். கறித்துண்டுகளுக்கு நடுவே கொழுப்புத் துண்டு. மேலே மிளகாய்த்தூளும் சீரகமும் தூவுவார்கள். சீரகத்துக்கு அங்கே ஸிரான் என்று பெயர். உய்குர் மொழியில் ஸீரே. நம்ம ஜீராவின் சொந்தக்காரச் சொல். அந்த வாசத்துக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒருவர் நான் ரொட்டி அடுக்கி விற்றார், நடுவில் முத்திரை குத்திக் கோலம் போட்ட மாதிரி. ஒரு ரொட்டி, நாலு கம்பி. நின்றுகொண்டே தின்று முடித்தேன்.

தம்பி, குறித்துக்கொள். இது நூடுல்ஸைவிட ஃபாஸ்ட்.

25 அக்டோபர் 2024, இரவு

தனிச் செய்தியில் ஒருவர்: "பீர் விற்கிற கடையில் நீங்கள் சாப்பிடுவீர்களா?"

மாட்டேன். ஹுய்க்காரர்களின் கடைகள் பலவற்றில் சுவரிலேயே ஒட்டியிருக்கும், வெளிச் சாப்பாடு கொண்டு வராதே, சாராயம் கொண்டு வராதே என்று. எனக்கு ஃப்ரிட்ஜைப் பார்த்தால் போதும். குளிர்பானம் மட்டும் இருந்தால் உட்காருவேன். பச்சை பாட்டில் தெரிந்தால் எழுந்துவிடுவேன். அது ஹலால் கடையே இல்லை.

26 அக்டோபர் 2024

ஹலால் கடையே இல்லை என்று எழுதியது அதிகப்படி. எங்கள் ஊர் ஆலிம் ஒருவர் படித்துவிட்டு அழைத்தார். கறி ஹலாலாக அறுத்ததா என்பது ஒரு கேள்வி, பீர் இருக்கிற இடத்தில் உட்காரலாமா என்பது வேறு கேள்வி, இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டாதே என்றார். சரிதான். அங்கே கறிக்காக அறுப்பவர் ஆஹோங் அல்லது அவர் பழக்கிய ஆள். ஆஹோங் என்றால் இமாம். பாரசீகத்து ஆகூந்த் என்கிற சொல் சைன வாய்க்கு அப்படி ஆகிவிட்டது. நம்ம ஊர் லெப்பை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆகவே: பீர் இருந்தும் கறி ஹலாலாக இருக்கலாம். நான் உட்கார மாட்டேன், அது என் உம்மா வளர்ப்பு. நீங்கள் உங்கள் ஆலிமைக் கேளுங்கள்.

28 அக்டோபர் 2024, ஈவூ போகும் ரயிலில்

ஆறேழு மணி நேரப் பயணம். ரயிலில் சாப்பாட்டுப் பெட்டி விற்கிறார்கள். ரயில்வேயின் செயலியில் முன்கூட்டி ஆர்டர் பண்ணும் வசதி 2017-லிருந்து இருக்கிறது. ச்சிங்ஜென் என்று தனிப் பெட்டியும் உண்டு. ஆனால் நான் கேட்டபோது தீர்ந்துவிட்டது என்று கையை விரித்தார்கள்.

ரயிலின் எல்லாப் பெட்டியிலும் கொதிக்கும் தண்ணீர்க் குழாய் இருக்கிறது. அதனால் கப் நூடுல்ஸ் வாங்கலாம் என்று தோன்றும். நிறுத்துங்கள். அட்டையில் பெரிதாக மாட்டுக்கறிப் படம் போட்டிருந்தாலும் உள்ளே மசாலாப் பையில் பன்றிக்கொழுப்பு இருக்கலாம். ஒரு கப்பைத் திருப்பிப் பொருள் பட்டியலை அலைபேசியில் படம் பிடித்து மொழிபெயர்த்தேன். ஆறாவது இடத்தில் இருந்தது. ச்சிங்ஜென் எழுத்து அச்சிட்ட கப்புகள் தனியாகக் கிடைக்கின்றன. ரயில் ஏறுவதற்கு முன்னால் ஊருக்குள்ளேயே வாங்கிவிட வேண்டும். ஸ்டேஷனில் தேடினால் கிடைக்கவில்லை.

இன்னொன்று. ரௌ என்றால் கறி. வெறுமனே ரௌ என்று இருந்தால் அது பன்றிதான். அந்த ஊரில் கறி என்றாலே பன்றி. மாடென்றால் நியூரௌ, ஆடென்றால் யாங்ரௌ என்று முன்னால் பெயர் ஒட்ட வேண்டும். எழுத்து கதவு நிலைக்குள் இரண்டு கூரை வரைந்த மாதிரி இருக்கும். பன்னுக்குள், பிஸ்கட்டுக்குள் எங்கே வேண்டுமானாலும் ஒளிந்திருக்கும்.

நான் தின்றது: இரண்டு வாழைப்பழம், அவித்த சோளம் ஒன்று, உம்மா முறுக்கு. 2008-க்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமில்லை.

29 அக்டோபர் 2024, ஈவூ

ஈவூ வேறு உலகம். அரபிகளும் ஆப்பிரிக்கக்காரர்களும் சாமான் வாங்க வந்து வந்து, பின்வாங் பக்கம் தெருவே மாறியிருக்கிறது. ஷவர்மா, மந்தி, துருக்கி ரொட்டி எல்லாம் கிடைக்கும். தம்பி தேடின பர்கர்கூட அங்கே ஹலாலாகக் கிடைக்கும். விலை மட்டும் நூடுல்ஸ் மாதிரி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு.

ஒரு இரவு ஷவர்மா தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் மறுபடி லாமியென் கடைக்கே போய்விட்டேன். பழகிவிட்டது.

31 அக்டோபர் 2024

பொய் சொல்லக் கூடாது. பழகவில்லை. ஒன்பதாவது நாள் காலையில் அந்தச் சாற்றின் வாசம் வந்ததும் தொண்டைக்குள் ஒரு கட்டை விழுந்தது. சோறு வேண்டும். 2008-க்குப் பிறகு சோறு இல்லாமல் ஒன்பது நாள் நான் இருந்ததே இல்லை.

சுவர்ப் படங்களை முதல் தடவையாக ஒழுங்காகப் பார்த்தேன். கீழ் வரிசையில் தட்டில் சோறு, அதன் மேல் குழம்பு ஊற்றின படம். இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்திருக்கிறது! கைஃபான் என்று பெயர். மேலே ஊற்றிய சோறு. உருளைக்கிழங்கும் மாட்டுக்கறியும் ஒரு வகை, தக்காளியும் முட்டையும் ஒரு வகை. தக்காளி முட்டை எங்கள் வீட்டில் நோன்பு நாள் சஹருக்கு அவசரமாகச் செய்வதுபோலவே இருந்தது, கொஞ்சம் இனிப்பு. கறிக்குழம்பில் உருளைக்கிழங்கு கரைந்து கெட்டியாக இருந்தது. கையால் தின்றேன். கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். காட்டட்டும்.

ஆகவே 16 செப்டம்பரில் எழுதியதில் ஒரு திருத்தம். அது நூடுல்ஸ் கடை மட்டுமில்லை, சோற்றுக்கடையும்தான். பதினாறு வருஷமாக அந்தக் கடைகளில் படி ஏறி இறங்கிய எனக்கு இது தெரியவில்லை என்றால் என்னத்தைச் சொல்ல.

3 நவம்பர் 2024, கோலாலம்பூர் விமான நிலையம்

திரும்பும் வழியில் முஸ்லிம் சாப்பாடு சொல்லிவைக்காததால் ஜூஸ் மட்டும் குடித்தேன். இங்கே இறங்கியதும் கேஎஃப்சியில் இரண்டு துண்டு கோழி. கூட்டாளிக்குச் சொல்லுங்கள், இங்கே சரி.

17 நவம்பர் 2024

சில பேருக்கு ஒட்டுமொத்தமாகப் பதில்.

பணம்: கடைகளில் சுவரில் ஒட்டிய க்யூஆர் கட்டத்தை அலைபேசியில் காட்டித்தான் எல்லாரும் கொடுக்கிறார்கள். அலிபே, வீசாட் என்கிற செயலிகள் இரண்டிலும் வெளிநாட்டு விசா கார்டு, மாஸ்டர் கார்டைச் சேர்க்க 2023-லிருந்து எளிதாகிவிட்டது. ஊரிலேயே சேர்த்துச் சோதித்துவிட்டுப் போங்கள். கொஞ்சம் ரொக்கமும் வைத்துக்கொள்ளுங்கள்.

கடை தேட: கூகுள் வேலை செய்யாது. சைன வரைபடச் செயலியில் ச்சிங்ஜென் எழுத்து இரண்டையும் ஒட்டித் தேடினால் பக்கத்துக் கடைகள் புள்ளி புள்ளியாக வரும். எழுத்தை இங்கேயே நகல் எடுத்துச் சேமித்துக்கொள்ளுங்கள், அங்கே போய்த் தட்டச்சு செய்ய முடியாது.

சைவக் கடை: பௌத்தர்களின் சைவ உணவகத்தில் கறியும் கிடையாது, சாராயமும் கிடையாது, பூண்டு வெங்காயம்கூடக் கிடையாது. அவசரத்துக்குக் கைகொடுக்கும். ஆனால் சாதாரண ஓட்டலில் "காய்கறி மட்டும்" என்று கேட்டால் கீரையைப் பன்றிக்கொழுப்பில் வதக்கிக் கொண்டுவந்து வைப்பார்கள், கறி இல்லையே என்பார்கள். சமையல் வைன் வேறு.

ஷியான் போகிறவர்கள்: முஸ்லிம் தெருவில் ரொட்டிக்குள் கறி திணித்து விற்பார்கள், ரௌஜியாமோ. முஸ்லிம் தெருவில் மாட்டுக்கறி. அதே பெயரில் வெளியே பன்றி. மேலே சொன்ன ரௌ பாடத்தை ஞாபகம் வையுங்கள். அங்கே ஆட்டுச்சாறு ரொட்டி ஒன்றும் உண்டு. கெட்டி ரொட்டியைக் கொடுத்து நம்மையே கடலை அளவுக்குப் பிய்க்கச் சொல்வார்கள். அரை மணி நேரம் பிய்த்து விரல் வீங்கியது. பெரிதாகப் பிய்த்தால் சமையல்காரர் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு நம்மைப் பார்ப்பார். ஃபாஸ்ட் ஃபுட் பட்டியலில் சேராது.

18 நவம்பர் 2024

ஹாங்காங் வழியாகப் போகிறவர்களை மறந்துவிட்டேன். எங்கள் ஊர்க்காரர்கள் பாதிப் பேர் அங்கேதான். வான்சாய் பள்ளிவாசல் கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கேன்டீன் இருக்கிறது. ஹலால் டிம்சம். மூங்கில் தட்டில் ஆவி பறக்க இறால் கொழுக்கட்டை வரும். பன்றி இல்லாத டிம்சம் கிடைப்பது அவ்வளவு அபூர்வம், அதனால் மத்தியானம் இடம் பிடிப்பது கஷ்டம்.

2 டிசம்பர் 2024

"சைனாவில் முஸ்லிம்கள் எப்போது வந்தார்கள், நேற்றா?" என்று ஒருவர் கிண்டலாகக் கேட்டிருக்கிறார். ச்சுவான்சோ நகரத்தில் ஹிஜ்ரி 400-ல் கட்டிய கல் பள்ளிவாசல் இன்னும் நிற்கிறது. கூரை போய்விட்டது, வாசல் வளைவு அப்படியே இருக்கிறது. அதே ஊரில் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் கிடைத்திருக்கிறது, சிவன் கோயில் கட்டிய வியாபாரிகள் வெட்டியது. அவர்கள் அங்கே என்ன சாப்பிட்டார்கள் என்று கல்லில் எழுதி வைத்திருந்தால் இந்தத் தொடர் பதிவுக்கே வேலை இருந்திருக்காது.

22 ஏப்ரல் 2025

மேலப்பாளையத்துத் தம்பிக்கு விசா வந்துவிட்டது. நாளை குவாங்சோவில் இறங்குகிறார். கேட்க வேண்டியதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்: "வோ பூ ச்சிர் ஜூரௌ", நான் பன்றிக்கறி தின்பதில்லை. பத்துத் தடவை சொல்லவைத்தேன். பதினோராவது தடவை அவர் சொன்னது வேறு எதுவோ.

24 ஏப்ரல் 2025

தம்பி அனுப்பிய படம். ஒரு கடை போர்டு. "காக்கா, இது ஹலாலா?" மூன்று சொட்டு இருக்கிறது. பக்கத்தில் ஏணிப்பெட்டி எழுத்து இல்லை. அது குளியல் சாமான் கடை. ஷவர் விற்கிறான். அடுத்த கடைக்குப் போ என்று எழுதினேன்.

24 ஏப்ரல் 2025, பத்து நிமிஷம் கழித்து

இரண்டாவது படம். சொட்டு இருக்கிறது, ஏணி இருக்கிறது, கால் இரண்டும் இருக்கிறது. "ஃப்ரிட்ஜைக் காட்டு" என்றேன். சிவப்பு டப்பாவில் மூலிகை டீ, தண்ணீர், ஆரஞ்சு சோடா. உட்கார் என்றேன்.

மூன்றாவது படத்தில் கிண்ணம் வந்துவிட்டது. நூடுல்ஸ் ஒவ்வொன்றும் இரண்டு விரல் அகலம். சாப்ஸ்டிக் மேசையில் கிடக்கிறது, தம்பி கை படத்தின் ஓரத்தில் தெரிகிறது.

குவான் என்று சொல்லியிருக்கிறார். சோறும் இருக்கு, கீழ் வரிசையைப் பார் என்று எழுதினேன். பதில் இல்லை. தின்றுகொண்டிருக்கிறார் போல.